கொலை நாவலுக்கு எத்தனை மதிப்பெண்? – வாசகர் கேள்விகள்

மர்ம நாவல்களுக்கு நான் எப்படி மதிப்பெண் போடுகிறேன் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். மொத்தம் பத்து. தடயங்களை நேர்மையாக வைத்திருந்தால் நாலு, இறந்தவரை ஒரு மனிதராகக் காட்டியிருந்தால் மூன்று, இடத்தைச் சரியாக எழுதியிருந்தால் இரண்டு, நடைக்கு ஒன்று. அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

“அம்மா, நான் செல்போனில் ஒரு செயலியில் படித்த புத்தகங்களுக்கு நட்சத்திரம் போடுவேன். கொலையாளியை முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டால் இரண்டு நட்சத்திரம். கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் ஐந்து. இது எளிதாக இருக்கிறதே, நீங்கள் ஏன் இவ்வளவு சுற்றுகிறீர்கள்?”
– கல்லூரி மாணவி, சோழவந்தான்

அப்படிப் போட்டால் அந்த நட்சத்திரம் உங்கள் ஊகத்துக்குத்தான் போய்ச் சேரும் கண்ணு. நாவலுக்குப் போகாது.

யோசித்துப் பாருங்கள். முந்நூறு பக்கம் ஒரு குடும்பத்தையே சுற்றிவிட்டு, கடைசி அத்தியாயத்தில் “பத்து வருடத்துக்கு முன் காணாமல் போன தம்பி” என்று ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார் ஆசிரியர். அவரை உங்களால் கண்டுபிடிக்க முடியாது, யாராலும் முடியாது. உங்கள் கணக்குப்படி அதற்கு ஐந்து நட்சத்திரம். என் கணக்கில் தடயத்துக்கு உரிய நாலு மதிப்பெண்ணும் மொத்தமாகப் போய்விடும்.

இந்தக் கோபம் பழையது. ரொனால்ட் நாக்ஸ் என்று இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் இருந்தார், துப்பறியும் நாவல்களும் எழுதியவர். 1929-இல் இந்த வகைக் கதைகளுக்கென்று பத்துக் கட்டளைகளை எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், துப்பறிபவர் கண்ணில் படும் தடயம் உடனே வாசகர் கண்ணிலும் பட வேண்டும், ஒரு கதைக்கு ஒரு ரகசிய வழிக்கு மேல் கூடாது, இப்படிப் போகும் அந்தப் பட்டியல். மறுவருடம் லண்டனில் துப்பறியும் கதை எழுதுபவர்கள் சேர்ந்து ஒரு மன்றம் தொடங்கினார்கள். வாசகருக்குத் தெரிய வேண்டிய தடயத்தை மறைக்க மாட்டேன் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டுதான் அதில் சேர முடியும். அவ்வளவு அக்கறையாக இருந்திருக்கிறார்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன், நீங்களும் செய்து பாருங்கள். முக்கால்வாசி படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, யார் மேல் சந்தேகம், எதனால் சந்தேகம் என்று நோட்டில் நாலு வரி எழுதிவைப்பேன். பிறகு முடிவுவரை படிப்பேன். முடித்த கையோடு முதல் மூன்று அத்தியாயங்களை மறுபடி படிப்பேன். மதிப்பெண் அதற்கு அப்புறம்தான். நல்ல நாவல் என்றால் இந்த இரண்டாவது வாசிப்பில்தான் அதன் வேலைப்பாடு தெரியும். சாப்பாட்டு மேசையில் யாரோ பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வரி, அப்போது நீங்கள் தாண்டிப்போன வரி, இப்போது பளிச்சென்று நிற்கும். அந்த வரி அங்கே இருந்தால், நீங்கள் கொலையாளியை முன்னாலேயே கண்டுபிடித்திருந்தாலும் தடயத்துக்கு உரிய முழு மதிப்பெண்ணையும் கொடுங்கள். கண்டுபிடிக்கிற மாதிரி எழுதியது அவருடைய நேர்மை.

“இறந்தவருக்கு மூன்று மதிப்பெண் என்பது அதிகம். முதல் பக்கத்திலேயே செத்துப்போகிறவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? வாசகனுக்கு வேண்டியது யார், எப்படி என்பதுதானே?”
– பலசரக்குக் கடை உரிமையாளர், திருமங்கலம்

ஐயா, இதற்குப் பதில் சொல்ல நான் பார்த்த வேலையைச் சொல்ல வேண்டும். நான் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். சாட்சி கூண்டில் நின்று பேசுவார், நீதிபதி சொல்லச் சொல்ல நாங்கள் தட்டச்சு செய்வோம்.

ஒரு கொலை வழக்கில் இறந்துபோன பையனின் தாயார் சாட்சி சொன்னார். மேலூர்ப் பக்கத்து அம்மா. சம்பவத்தன்று மகன் என்ன சட்டை போட்டிருந்தான் என்று கேட்டார்கள். “நீலச் சட்டைங்கய்யா. மூணாவது பொத்தான் அந்துபோச்சு, வந்ததும் தச்சுத் தாரேன்டான்னு சொல்லியிருந்தேன், அதுக்குள்ள ஊக்கு குத்திக்கிட்டுப் போனான்” என்றார். பதிவில் ஏறியது ‘நீல நிறச் சட்டை’ என்ற மூன்று சொல்தான். அதில் தவறு ஏதும் இல்லை, வழக்குக்குத் தேவையானது அவ்வளவுதான். பொத்தான் தைப்பது எந்தச் சட்டப் பிரிவிலும் வராது.

அந்தப் பொத்தானை எழுத நாவலாசிரியருக்கு இடம் இருக்கிறது. நீதிமன்றப் பதிவில் ஏறாத அத்தனையையும் அவர் எழுதலாம். அப்படி இருந்தும், ‘பணக்காரப் பெரியவர், வயது எழுபது, உயில் எழுதவிருந்தார்’ என்று ஒரு வரியில் ஆளை முடித்துவிட்டு, பிணத்தை வைத்துப் புதிர் மட்டும் போடுகிற நாவல்கள் எத்தனையோ. படிக்கும்போது விறுவிறுப்பாக இருக்கும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் செத்தவர் பெயர்கூட ஞாபகம் வராது. கொலை நடந்திருக்கிறது, ஒருவர் இல்லாமல் போயிருக்கிறார், அது அந்தக் கதையில் யாருக்குமே வலிக்கவில்லை என்றால் எனக்கு அந்தக் கதை வேண்டாம்.

இதற்குப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதும் இல்லை. அவர் பாதி படித்து மடித்துவைத்த பேப்பர், கடன் கொடுத்தவர்களின் பெயரை எழுதிவைத்த காலண்டர், தினமும் அவர் கையால் சோறு தின்ற நாய். இரண்டு வரி போதும். அப்படிப்பட்ட வரிகளில்தான் நல்ல எழுத்தாளர்கள் தடயத்தையும் ஒளித்துவைப்பார்கள். இறந்தவரை அறிந்துகொண்டால் கொன்றவரையும் பாதி அறிந்த மாதிரிதான். அதனால் மூன்றைக் குறைக்க மாட்டேன்.

“நடைக்கு ஒரே ஒரு மதிப்பெண்ணா? சுஜாதாவைப் படித்தவர் இப்படிச் சொல்லலாமா?”
– வங்கி ஊழியர், எஸ்.எஸ்.காலனி

சுஜாதாவைப் படித்ததனால்தான் சொல்கிறேன். அவருடைய வக்கீல்கள் கணேஷும் வசந்தும் பேசிக்கொள்கிற வேகத்தில் நாம் சிரித்துக்கொண்டே நாலு பக்கம் தாண்டிவிடுவோம். பல கதைகளில் அந்தப் பேச்சுக்குள்ளேயே தடயம் போய்விட்டிருக்கும். அதாவது நடை நன்றாக இருந்தால் அதன் பலன் ஏற்கனவே தடயத்தின் நாலு மதிப்பெண்ணில் சேர்ந்துவிடுகிறது. அதற்கு மேலும் சொற்சுகத்துக்காகத் தனியாக ஒன்று.

நடை மட்டும் நன்றாக இருந்து உள்ளே ஒன்றும் இல்லாத மர்ம நாவலுக்கு ஏழு, எட்டு மதிப்பெண் கொடுக்க எனக்கு மனமில்லை. வேகமாக எழுதத் தெரிந்தவர் ஓட்டைகளைக் கவனிக்கவிடாமல் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

“அம்மா, நிறைய நாவல்களில் கடைசி அத்தியாயத்தில் கொலையாளி இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வான், விலங்கு மாட்டுவார்கள், கதை முடிந்துவிடும். நீதிமன்றத்தில் இருந்தவருக்கு இது எப்படி இருக்கும்?”
– வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தா, பேரையூர்

உங்களுக்கே பதில் தெரிந்திருக்கும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று நிரூபிக்க முடியாது. 1872-ஆம் வருடத்து இந்திய சாட்சியச் சட்டத்தில் அது 25-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 23-ஆவது பிரிவு. எண் மாறினாலும் விதி அதேதான். அடித்து வாங்கியதா, பயந்து சொன்னதா என்று யாருக்குத் தெரியும்? ஆகவே கதையில் இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறுகிற இடத்தில்தான் உண்மையான வழக்கு தொடங்குகிறது. அதே ஆள் நீதித்துறை நடுவர் முன்னால், யாரும் கட்டாயப்படுத்தாமல், தானாகச் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு.

எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. போலீஸ் காவலில் இருக்கும்போது சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த பகுதியை மட்டும் நீதிமன்றம் ஏற்கலாம். ‘கொன்றேன்’ என்பது நிற்காது, ‘அரிவாளைக் கண்மாய்க் கரையில் கருவேல மரத்தடியில் புதைத்தேன்’ என்று சொல்லி அங்கே அரிவாள் கிடைத்தால் அது நிற்கும். இதை வைத்து எவ்வளவு அருமையான கடைசி அத்தியாயம் எழுதலாம்! பொருளைக் கைப்பற்றியபோது எழுதும் மகஜரில் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரில் ஒருவர், முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மறுத்துப் பிறழ் சாட்சியாக மாறினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எங்கள் நீதிமன்றத்தில் அப்படி நடக்காத மாதம் கிடையாது. ஆனால் தமிழ் மர்ம நாவல்களில் பிறழ் சாட்சி வருவதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒப்புதல் வாக்குமூலத்தோடு முடிகிற நாவல் எல்லாவற்றுக்கும் நான் மதிப்பெண் குறைப்பதில்லை. தடயங்களே அந்த ஆளைச் சுற்றி வளைத்துவிட்டு, அதற்குப் பிறகு அவர் வாய் திறந்தால் சரி. தடயம் பத்தாமல், அவர் வாயைத் திறக்கவைத்துக் கதையை முடித்தால் இரண்டு மதிப்பெண் போய்விடும்.

“துப்பறியும் கதையே வெளிநாட்டிலிருந்து வந்ததுதானே? நம்மிடம் அப்படி ஒன்றும் இல்லையே?”
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருப்பரங்குன்றம்

வடிவம் வெளியிலிருந்து வந்ததுதான். எட்கர் ஆலன் போவின் முதல் துப்பறியும் கதை 1841-இல் வந்தது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர்.ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் போன்றவர்கள் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள்.

தடயம் என்ற எண்ணம் நமக்கு வெகு காலமாக உண்டு. ஐயா, உங்களுக்குச் சிலப்பதிகாரத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பொற்கொல்லன் ஒருவன் பேச்சை நம்பி, விசாரணை இல்லாமல் தண்டனை நிறைவேறிவிட்டது. அப்புறம்தான் பொருள் சபைக்கு வருகிறது. தேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்தால் தெரிந்துவிடும். உடைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கோவலன் உயிரோடு இருக்கும்போதே பார்த்திருக்கலாம். குற்றவாளி யார் என்று முதலிலிருந்தே நமக்குத் தெரியும் என்பதால் அதை மர்மக் கதை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சாட்சியைவிடப் பொருள் உறுதியாகப் பேசும் என்பதை அந்தக் காட்சியைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

“நான் மருத்துவமனையில் செவிலியராக வேலை செய்கிறேன். ஒரு நாவலில் சித்திரை மாதம், மதுரையில் பூட்டிய வீடு, மூன்று நாள் கழித்துக் கதவை உடைக்கிறார்கள், ‘உடல் கட்டை போல் விறைத்துக் கிடந்தது’ என்று எழுதியிருக்கிறார்கள். எரிச்சலில் மூடிவைத்துவிட்டேன். நான் செய்தது சரியா?”
– வாசகி, வாடிப்பட்டி

எரிச்சல் நியாயம்தான். இறந்து இரண்டிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் கண்ணிமை, தாடைப் பக்கம் விறைப்பு தொடங்கி, பன்னிரண்டு மணி நேரம் போல உடம்பு முழுவதும் பரவி, பிறகு தளர்ந்துவிடும். வெப்பத்தில் இது சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். நம் ஊர்ச் சித்திரை வெயில் நாற்பது டிகிரியைத் தொடுகிற காலம். மூன்றாம் நாள் விறைப்பு ஏது? அதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர்களே கதவைத் தட்டியிருப்பார்கள். அந்த எழுத்தாளர் குளிர்நாட்டு நாவல் ஒன்றில் படித்ததை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார். இடத்துக்கான இரண்டு மதிப்பெண் இதற்குத்தான்.

தொழில் தெரிந்தவர்கள் மெச்சும்படி எழுத முடியும் என்பதற்கு அகதா கிறிஸ்டியே சாட்சி. முதல் உலகப் போர் சமயத்தில் அவர் தன் ஊர் மருத்துவமனையில் மருந்து கலந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்தார். 1920-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலில் கொலை விஷத்தால் நடக்கிறது. அதற்கு மருந்தாளுநர்களின் பத்திரிகை ஒன்றே மதிப்புரை எழுதியது, விஷயத்தைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார் என்று பாராட்டி. எந்த விருதையும்விட அந்த மதிப்புரையை நான் பெரிதாக நினைப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜப்பானின் செய்ச்சோ மாட்சுமோட்டோ எழுதி 1958-இல் புத்தகமாக வந்த ‘புள்ளிகளும் கோடுகளும்’ நாவல் முழுக்க ரயில் கால அட்டவணை மேல் நிற்கிறது. டோக்கியோ நிலையத்தில் 13-ஆம் நடைமேடையில் நின்றால் 15-ஆம் நடைமேடை தெரிகிற நேரம் மாலையில் நாலே நாலு நிமிடம். மற்ற நேரம் நடுவில் வேறு வண்டி நின்று மறைக்கும். அந்த நாலு நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர் மெதுவாக, பிடிவாதமாகப் போகிறார். அதைப் படித்த நாளிலிருந்து மதுரை ஜங்ஷனில் வைகைக்குக் காத்திருக்கும்போதெல்லாம் எந்த வண்டி எதை மறைக்கிறது என்று பார்க்கிறேன். அந்த மாதிரி ஒரு நாவலை நம் ஜங்ஷனை வைத்து யாராவது எழுத வேண்டும் என்பது என் ஆசை. எழுதுங்களேன்.

“தமிழில் எங்கிருந்து தொடங்கலாம்? பத்தாம் வகுப்பு முடித்த பேத்திக்கு.”
– வாசகி, செல்லூர்

முதலில் தேவனின் துப்பறியும் சாம்பு. ரத்தம் அதிகம் இல்லாமல், மனிதர்களை ரசிக்கக் கற்றுக்கொடுக்கும். அடுத்து தமிழ்வாணனின் சங்கர்லால். அதற்குப் பிறகு ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி என்று அவளாகப் போய்விடுவாள். பெரியார் பஸ் ஸ்டாண்டில் தொங்கவிட்டிருந்த மாத நாவல்களில் நாம் இவர்களைப் படித்தோம். நூறு பக்கத்துக்குள் கொலையும் நடந்து, ஆளும் பிடிபட வேண்டும் என்ற கட்டாயத்தில் எழுதியவை அவை. அந்தச் சின்ன இடத்துக்குள் நேர்மையாகத் தடயம் வைத்தவர்களை நான் பெரிய கைக்காரர்கள் என்றே சொல்வேன்.

கல்லூரிக்குப் போனதும் சுஜாதாவின் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’ கொடுங்கள். நாட்டுப்பாடல் ஆராய ஒரு இளைஞன் கிராமத்துக்கு வருகிறான். அந்த ஊரையும் பாட்டையும் எடுத்துவிட்டால் கதையே இருக்காது. இடத்துக்கு இரண்டும் முழுசாகக் கொடுத்திருக்கிறேன்.

நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நாள் அவளை அழைத்துப் போங்கள். எதை எடுப்பது என்று அவளே அலமாரியில் தேடட்டும்.

“கடைசிப் பக்கத்தை முதலில் படிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. பதற்றம் தாங்காது.”
– வாசகர், மேலூர்

படியுங்கள், தவறே இல்லை. நல்ல நாவல் அதற்கெல்லாம் அசையாது. ஆனால் மற்றவர்களிடம் முடிவைச் சொல்லாதீர்கள்.

“அக்கா, கிளை நூலகத்தில் எடுத்த நாவலில், இரண்டாவது அத்தியாயத்திலேயே ஒரு பெயரை அடிக்கோடிட்டு ‘இவன்தான்’ என்று யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். இனி அதைப் படிப்பதா, திருப்பிக் கொடுப்பதா?”
– வாசகி, அலங்காநல்லூர்

படியுங்கம்மா. உங்களுக்கு இரண்டாவது வாசிப்பு முதலிலேயே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் வரும் பக்கங்களை எல்லாம் நிதானமாகப் பாருங்கள். ஆசிரியர் அவரை எங்கே நிறுத்துகிறார், அவர் பேசும்போது நம் கண்ணை யார் பக்கம் திருப்புகிறார், எந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் நழுவுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்படிப் படித்தும் நாவல் பிடித்திருந்தால் தயங்காமல் எட்டுக்கு மேல் போடுங்கள்.

அடிக்கோடிட்டு எழுதிவைத்தவர் சொன்னது பொய்யாகவும் இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். உண்மையாக இருந்தால், பென்சில் என்றால் அழித்துவிடுங்கள். பேனா என்றால் நீங்கள் கிறுக்க வேண்டாம், திருப்பிக் கொடுக்கும்போது பக்க எண்ணை நூலகரிடம் சொல்லுங்கள், அவர் தாள் ஒட்டி மறைத்துவிடுவார். படித்து முடித்ததும் எத்தனை மதிப்பெண் போட்டீர்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.